கேள்வி நேரம்: கன்ட்ரோலருக்குள் எவ்வளவு எழுதலாம்?

வலைச் செயலிகளில் எம்விசி முறையை, அதாவது கோடை மாடல் (தகவலும் விதிகளும்), வியூ (காட்டும் பக்கம்), கன்ட்ரோலர் (ரெக்வெஸ்ட்டை வாங்கி இரண்டையும் இணைப்பது) என்று பிரித்து எழுதும் முறையைப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளைத் திரட்டி இந்த முறை ஒன்றாகப் பதில் தருகிறோம். கேட்டவர்கள் ரெயில்ஸ், ஜாங்கோ, லாராவெல் என வெவ்வேறு ஃபிரேம்வொர்க்குகளில் எழுதுகிறவர்கள் என்பதால், எல்லோருக்கும் பொதுவாக ஒரு நூலகச் செயலியை எடுத்துக்கொண்டோம். அதில் மூன்று விதிகள்: ஓர் உறுப்பினர் ஒரே சமயத்தில் 4 புத்தகம் வரை எடுக்கலாம், 14 நாளில் திருப்ப வேண்டும், தவணை கடந்த புத்தகம் கையில் இருந்தால் புதிதாக எடுக்க முடியாது.

கேள்வி: மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று மூன்று ஃபோல்டரையும் ஒழுங்காகப் பிரித்துத்தான் எழுதினேன். ஆனாலும் புத்தகம் இரவல் எடுக்கும் மெத்தட் மட்டும் கன்ட்ரோலரில் 180 வரி வந்துவிட்டது. எங்கே தவறினேன்?

பதில்: ஃபோல்டர்கள் சரிதான். முடிவுகள் எந்த ஃபோல்டரில் எடுக்கப்படுகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த 180 வரியையும் அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'வெப்' அல்லது 'நூலகம்' என்று பேனாவால் குறித்துக்கொண்டே வாருங்கள். ரெக்வெஸ்ட்டிலிருந்து புத்தக எண்ணை எடுப்பது, லாகின் செய்தவர் யார் என்று பார்ப்பது, வேலை முடிந்ததும் வேறு பக்கத்துக்கு அனுப்புவது எல்லாம் வெப். கையில் 4 புத்தகம் இருக்கிறதா, தவணை கடந்தது உண்டா, இன்றைய தேதியோடு 14 நாளைக் கூட்டுவது, இருப்பில் ஒன்றைக் குறைப்பது எல்லாம் நூலகம். பிரவுசர் என்ற ஒன்று வருவதற்கு முன்பே நூலகங்களில் இந்த விதிகள் இருந்தன. அவற்றின் இடம் மாடல்.

கன்ட்ரோலரில் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். இன்றைக்கு ஒன்றும் கெடாது. முன்பதிவு செய்தவருக்குத் திரும்பி வந்த புத்தகத்தை இரவில் தானாக ஒதுக்கும் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் சர்வர் தானாக ஓட்டும் நிரல்) சேரும் நாளில்தான் தெரியும். அந்த வேலைக்கு ரெக்வெஸ்ட்டும் கிடையாது, லாகின் செய்தவரை நினைவில் வைக்கும் செஷனும் கிடையாது. ஆகவே கன்ட்ரோலரை அதனால் கூப்பிட முடியாது. எழுதுபவர் விதிகளை நகலெடுத்து ஒட்டுவார். அதன் பிறகு மொபைல் செயலிக்காக இன்னொரு நகல் வரும். ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் 14ஐ 21 ஆக்குவார், ஓர் இடத்தில் மட்டும். அந்தப் பிழையைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் மூன்று இடத்திலும் கோடு பிழையில்லாமல்தான் ஓடும்.

பிரித்த பிறகு உங்கள் மெத்தட்டில் நான்கே வேலைகள் மிஞ்ச வேண்டும். லாகின் செய்த உறுப்பினரை எடு. ரெக்வெஸ்ட்டில் வந்த பிரதி எண்ணை எடு. 'இவருக்கு இந்தப் பிரதியை இன்றைய தேதியில் இரவல் கொடு' என்று மாடலைக் கேள். வந்த விடையைப் பார்த்து, கொடுத்துவிட்டது என்றால் இரவல் பட்டியலுக்கு அனுப்பு, மறுத்தது என்றால் காரணத்தோடு அதே ஃபார்மைக் காட்டு. எட்டிலிருந்து பன்னிரண்டு வரிக்குள் இது முடியும்.

இரண்டு நுணுக்கங்களைச் சேர்த்துக் கவனியுங்கள். மாடல் மறுக்கும்போது முழு வாக்கியத்தைத் தரக்கூடாது. 'வரம்பு நிறைந்தது', 'தவணை கடந்தது' போன்ற ஓர் அடையாளத்தை மட்டும் தர வேண்டும். அதை வாசகம் ஆக்குவது வியூவின் வேலை. இல்லாவிட்டால் மொபைல் செயலிக்குச் செல்லும் ஜேசன் என்ற தகவல் வடிவில் ஹெச்டிஎம்எல் குறிகள் கலந்திருக்கும். அடுத்து, இன்றைய தேதியை மாடல் தானாகப் போய்ப் பார்க்காமல், அதை வெளியிலிருந்து கொடுங்கள். 15ஆம் நாள் என்ன நடக்கும் என்று சோதிக்க 15 நாள் காத்திருக்க முடியாது அல்லவா!

சரியாகப் பிரித்துவிட்டோமா என்று பார்க்க எளிய வழி: மாடல் ஃபோல்டர் முழுவதிலும் 'ரெக்வெஸ்ட்', 'செஷன்', 'ரீடைரக்ட்' ஆகிய சொற்களைத் தேடுங்கள். ஒன்று அகப்பட்டாலும் அந்த வரி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: மாடல் என்றால் டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ் தானே? இரவல் கொடுப்பதில் உறுப்பினர், பிரதி, இரவல் என்று மூன்று டேபிள் சம்பந்தப்படுகின்றன. எந்த கிளாஸில் எழுதுவது? தனியாக சர்வீஸ் கிளாஸ் வேண்டும் என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: மாடல் என்பது ஓர் அடுக்கு. டேபிளைப் பிரதிபலிக்கும் கிளாஸ்கள் அதில் ஒரு பகுதி மட்டுமே. டேபிளே இல்லாத கிளாஸ்களும் மாடலில் இருக்கலாம். உதாரணமாக, அபராதம் கணக்கிடும் கிளாஸ்.

எங்கே எழுதுவது என்பதற்கு நாங்கள் பின்பற்றும் வழி இது. ஒரு கேள்விக்கு ஒரே பொருளின் தகவலை வைத்துப் பதில் சொல்ல முடிந்தால், அந்தப் பொருளிடமே எழுதுங்கள். 'இந்த இரவலின் தவணை கடந்ததா' என்பது இரவலுக்குத் தெரியும். 'இன்னொன்று எடுக்கலாமா' என்பது உறுப்பினருக்குத் தெரியும். மூன்று பொருளையும் ஒருங்கே மாற்றும் செயலுக்கு மட்டும் தனி கிளாஸ் வையுங்கள். டிரான்ஸாக்ஷன், அதாவது எல்லா மாற்றமும் சேர்ந்து நிற்கும் அல்லது சேர்ந்து கைவிடப்படும் தொகுப்பு, தொடங்குவதும் முடிவதும் அங்கேதான். அதற்குச் செயலின் பெயரையே வையுங்கள்: 'இரவல் கொடு', 'இரவல் நீட்டி', 'திருப்பிப் பெறு'.

'புத்தக சர்வீஸ்' என்று பொதுப் பெயர் வைப்பதை வேண்டாம் என்றே சொல்வோம். பெயரில் எல்லை இல்லாததால் ஒரே வருடத்தில் அதில் 40 மெத்தட் சேர்ந்து, பழைய 180 வரி புதிய விலாசத்தில் குடியேறிவிடும். எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. எல்லாவற்றையும் சர்வீஸுக்குக் கொண்டுபோய், மாடல் கிளாஸ்களில் வெறும் புலங்களை மட்டும் விட்டுவைப்பது. இதை மென்பொருள் வடிவமைப்பு நூலாசிரியர் மார்ட்டின் ஃபவுலர் 2003இல் ரத்தசோகை பிடித்த மாடல் என்று அழைத்தார். அப்படி விட்டால் 'தவணை கடந்ததா' என்ற ஒப்பீட்டை ஒவ்வொரு சர்வீஸும் தன் பங்குக்கு எழுதும். ஒருவர் சிறிது என்ற குறியைப் போட, இன்னொருவர் சிறிது அல்லது சமம் என்று போடுவார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சேமிக்கும்போது தானாக ஓடும் கால்பேக்குகளில் மின்னஞ்சல் அனுப்பும் கோடை வைக்காதீர்கள். பழைய ஏடுகளிலிருந்து 5,000 இரவல்களை இறக்குமதி செய்யும் நாளில் 5,000 மின்னஞ்சல் போய்விடும். மறுபக்கம், பல வரிகளை ஒரே குவெரியில் மாற்றினால் அந்தக் கால்பேக் ஓடவே ஓடாது. ரெயில்ஸின் அப்டேட்_ஆல், ஜாங்கோவின் குவெரிசெட் அப்டேட், லாராவெலில் குவெரி வழியே செய்யும் மொத்த மாற்றம் மூன்றுமே இப்படித்தான். அனுப்பியே ஆக வேண்டிய மின்னஞ்சலை 'இரவல் கொடு' கிளாஸிலிருந்து, டிரான்ஸாக்ஷன் உறுதியான பிறகு அனுப்புங்கள். டிரான்ஸாக்ஷனுக்குள்ளேயே க்யூவில் (பின்னணியில் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை) போட்டால், டிரான்ஸாக்ஷன் முடிவதற்குள் க்யூ வேலையாள் அதை எடுத்துவிடக்கூடும். அப்போது இரவல் டேபிளில் அந்த வரி அவருக்குக் கண்ணில் படாது. 'அப்படி ஓர் இரவல் இல்லை' என்ற பிழை எப்போதாவது ஒருமுறை லாகில் தலைகாட்டும். இதற்கென்றே ரெயில்ஸில் ஆஃப்டர்_கமிட்டும் ஜாங்கோவில் ஆன்_கமிட்டும் இருக்கின்றன.

கேள்வி: பாடப்புத்தகத்தில், மாடல் மாறினால் வியூவுக்குத் தகவல் போகும் என்று படம் போட்டிருக்கிறது. நான் பழகும் ஜாங்கோவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. போதாக்குறைக்கு அதில் வியூ என்று சொல்வது கன்ட்ரோலர் மாதிரி இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி, காலம்தான் வேறு. எம்விசியை 1979இல் நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்கௌக், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஸ்மால்டாக் மொழியோடு பணியாற்றியபோது வகுத்தார். அங்கே மூன்றும் ஒரே கணினியின் நினைவகத்தில் உயிரோடு இருந்தன. வியூக்கள் மாடலைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மாடல் மாறினால் அவை தங்களைப் புதிதாக வரைந்துகொள்ளும். கன்ட்ரோலர் மவுஸையும் கீபோர்டையும் பார்த்துக்கொண்டது. உங்கள் புத்தகத்தில் இருப்பது அந்தப் படம்.

ஹெச்டிடிபியில் ரெஸ்பான்ஸ் போனவுடன் உறவு முடிந்துவிடுகிறது. பிரவுசருக்குப் போன பக்கத்துக்கு சர்வரில் நடக்கும் மாற்றம் தெரியாது. ஆகவே ஜாவா உலகில் 1990களின் இறுதியில் 'மாடல் 2' என்ற பெயரில் வலைக்கேற்ற வடிவம் உருவானது: ரெக்வெஸ்ட் முதலில் கன்ட்ரோலரிடம் வரும், அது மாடலைக் கேட்டுத் தகவலைத் திரட்டி வியூவிடம் ஒப்படைக்கும். 2000இல் வந்த ஸ்டிரட்ஸ், 2004இல் வந்த ரெயில்ஸ், 2011இல் வந்த லாராவெல் எல்லாம் இந்த வழிதான்.

ஜாங்கோவில் வியூ என்பது எந்தத் தகவலைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் ஃபங்ஷன். எப்படிக் காட்டுவது என்பது டெம்ப்ளேட். மற்ற இடங்களில் கன்ட்ரோலரில் எழுதுவதை இங்கே வியூவில் எழுதுகிறீர்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் கன்ட்ரோலர் என்று சொல்லும் இடங்களில் ஜாங்கோக்காரர்கள் வியூ என்றும், வியூ என்று சொல்லும் இடங்களில் டெம்ப்ளேட் என்றும் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரலாற்றில் நடைமுறைக்கு உதவுவது ஒன்று உண்டு: பிரவுசரில் தெரியும் பக்கம், போன நொடியிலேயே பழையது. 'இருப்பு: 1' என்று பக்கம் காட்டுவதை நம்பி பட்டன் அழுத்தப்படும்போது இருப்பு பூஜ்யம் ஆகியிருக்கலாம். அடுத்த கேள்வி அதைப் பற்றியதே.

கேள்வி: சரிபார்ப்பை கன்ட்ரோலரில் செய்வதா, மாடலில் செய்வதா? இரண்டிலும் செய்திருக்கிறேன். அப்படியும் போன வாரம் ஒரே பிரதி இரண்டு பேருக்கு இரவல் போயிருக்கிறது.

பதில்: சரிபார்ப்பு என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது மூன்று வேறு வேலைகள். வந்த மதிப்பின் உருவம் சரியா, அதாவது எண்ணா, தேதியா, காலியாக இருக்கிறதா என்பது ஒன்று. இதை கன்ட்ரோலர் வாசலிலேயே பார்த்துவிடலாம். லாராவெலின் ஃபார்ம் ரெக்வெஸ்ட்டும் ஜாங்கோவின் ஃபார்ம் கிளாஸும் இதற்குத்தான். நூலக விதி அனுமதிக்கிறதா என்பது இரண்டாவது, அது மாடலில். ஒரே சமயத்தில் இருவர் வந்தாலும் விதி நிற்குமா என்பது மூன்றாவது. இதை டேட்டாபேஸ்தான் காப்பாற்ற முடியும். உங்களிடம் இல்லாதது இந்த மூன்றாவது.

நடந்தது இப்படி இருந்திருக்கும். முதல் ரெக்வெஸ்ட் இருப்பைப் படிக்கிறது: 1. அது எழுதுவதற்குள் இரண்டாவது ரெக்வெஸ்ட் படிக்கிறது: அதற்கும் 1. இரண்டும் 'பூஜ்யத்தைவிடப் பெரிது' என்ற சோதனையில் தேறுகின்றன. இரண்டும் இரவல் வரியைச் சேர்க்கின்றன. இரண்டும் இருப்பை 0 என்று எழுதுகின்றன. கடைசியில் இருப்பைப் பார்த்தால் 0 என்று ஒழுங்காகவே தெரியும். இடைவெளி சில மில்லிவினாடிதான் என்பதால் உங்கள் கணினியில் தனியாகச் சோதிக்கும்போது இது வராது. டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உறுதியானதை மட்டும் படிக்கும் வழக்கமான ரீட் கமிட்டட் நிலையில் இரண்டு டிரான்ஸாக்ஷனும் அதே 1ஐப் படிக்கத் தடையில்லை.

இருப்புக்கு எளிய மருந்து, படித்துவிட்டு எழுதாமல் ஒரே அப்டேட் குவெரியாக்குவது: 'இருப்பில் 1 குறை, ஆனால் இருப்பு 0ஐவிடப் பெரிதாக இருந்தால் மட்டும்'. எத்தனை வரி மாறியது என்பதை டேட்டாபேஸ் திருப்பிச் சொல்லும். 1 என்றால் பிரதி உங்களுக்கு. 0 என்றால் வேறொருவர் முந்திவிட்டார், டிரான்ஸாக்ஷனைக் கைவிட்டு 'பிரதி இல்லை' என்று சொல்லுங்கள்.

பிரதிக்குத் தனி எண் கொடுத்திருந்தால் இன்னும் உறுதியான வழி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இரவல் டேபிளின் பிரதி எண் மீது, ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் ஒன்று போட்டு, 'திருப்பிய தேதி காலியாக உள்ள வரிகளுக்கு மட்டும்' என்று நிபந்தனை சேர்க்கலாம். பிறகு எந்தக் கோடு எவ்வளவு பிழையோடு எழுதப்பட்டாலும், திருப்பப்படாத ஒரு பிரதிக்கு இரண்டாவது இரவல் வரி உள்ளே நுழையாது. மைஎஸ்க்யூஎல்லில் இப்படி நிபந்தனையோடு இண்டெக்ஸ் போட வழியில்லை. அங்கே மேலே சொன்ன அப்டேட்டைப் பயன்படுத்துங்கள்.

4 புத்தக வரம்புக்கு இவை இரண்டும் உதவாது, ஏனென்றால் பல வரிகளை எண்ணித்தான் முடிவெடுக்கிறீர்கள். டிரான்ஸாக்ஷனைத் தொடங்கியதும் முதல் வேலையாக உறுப்பினரின் வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்' என்று பூட்டுங்கள், பிறகு எண்ணுங்கள், பிறகு சேருங்கள். அதே உறுப்பினருக்கான இன்னொரு ரெக்வெஸ்ட் அந்தப் பூட்டு திறக்கும்வரை காத்திருக்கும். எல்லா இடத்திலும் பூட்டும் வரிசை ஒன்றாக இருக்கட்டும்: முதலில் உறுப்பினர், பிறகு பிரதி. ஓரிடத்தில் மாற்றிப் பூட்டினால் இரண்டு டிரான்ஸாக்ஷன்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து டெட்லாக் ஆகும்; டேட்டாபேஸ் அவற்றில் ஒன்றைப் பலியிட்டுவிடும்.

இதே காரணத்தால், 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே உள்ளது' என்று ஃபிரேம்வொர்க் செய்யும் யூனிக் சரிபார்ப்பும் தனியாக நம்பத் தகுந்ததில்லை. அதுவும் முதலில் தேடிப் பார்த்து, பிறகு சேர்ப்பதுதான். டேபிளிலும் யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். அது வீசும் பிழையைப் பிடித்து, அதே வாசகத்தைப் பயனருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: இரவல் பட்டியல் பக்கம் 50 வரிதான் காட்டுகிறது, ஆனால் திறக்க மூன்று வினாடி ஆகிறது. கன்ட்ரோலரில் ஒரே ஒரு குவெரிதான் எழுதியிருக்கிறேன்.

பதில்: கன்ட்ரோலரில் ஒன்று, மீதி வியூவில் ஓடுகிறது. டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு வரியிலும் 'இரவலின் புத்தகத்தின் தலைப்பு', 'இரவலின் உறுப்பினரின் பெயர்' என்று எழுதியிருப்பீர்கள். பார்ப்பதற்குப் புள்ளி வைத்த சாதாரண சொல் மாதிரி தெரிந்தாலும், ஒவ்வொரு புள்ளியும் டேட்டாபேஸுக்கு ஒரு பயணம். 50 இரவலை எடுக்க 1, புத்தகங்களுக்கு 50, உறுப்பினர்களுக்கு 50: ஆக 101 குவெரி. உங்கள் கணினியில் டேட்டாபேஸ் பக்கத்திலேயே இருப்பதால் தெரியாது; சர்வரில் அது வேறு கணினியில் இருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் நேரம் கூடும்.

தேவையான உறவுகளை கன்ட்ரோலர் முன்கூட்டியே சேர்த்து எடுக்க வேண்டும். லாராவெலில் வித், ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ், ஜாங்கோவில் செலக்ட்_ரிலேட்டட் அல்லது ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட். 101 என்பது 3 ஆகும். செலக்ட்_ரிலேட்டட் ஜாயின் போடுவதால் 1 ஆகும்.

சேர்த்த பிறகும் எண்ணிக்கை குறையவில்லை என்று எழுதுபவர்களுக்கு: நீங்கள் எடுத்து வைத்ததை வியூ பயன்படுத்தாமல் புதிதாகக் கேட்கிறது. ஜாங்கோவில் முன்பே எடுத்த உறவின் மீது ஃபில்டர் போட்டால் அது புதிய குவெரி. லாராவெலில் உறவின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டு அழைத்தால் புதிய குவெரி. அடைப்புக்குறி இல்லாவிட்டால் எடுத்து வைத்தது. ரெயில்ஸில் கவுன்ட் எப்போதும் டேட்டாபேஸைக் கேட்கும். சைஸ், கையில் இருந்தால் அதையே எண்ணும். ஒரு சொல் மாற்றத்தில் 50 குவெரி போகும், வரும்.

இது மறுபடி முளைக்காமல் இருக்க, அந்தப் பக்கத்துக்கான சோதனையில் குவெரி எண்ணிக்கையையே சோதியுங்கள். ஜாங்கோவில் அசெர்ட்நம்குவெரிஸ் தயாராகவே இருக்கிறது. லாராவெலில் உறவுகள் சோம்பலாக ஏற்றப்படுவதையே தடுத்துப் பிழை வீசும் அமைப்பு உண்டு. எழுதும் கணினியில் அதை எப்போதும் போட்டு வையுங்கள்.

கேள்வி: வியூவில் இஃப் போடலாமா?

பதில்: தாராளமாக. 'தவணை கடந்திருந்தால் சிவப்பில் காட்டு' என்பது வியூவின் வேலையேதான். ஆனால் அந்த இஃப்புக்குள் தேதிகளை ஒப்பிடாதீர்கள். 'தவணை கடந்ததா' என்று மாடலைக் கேளுங்கள்.

வியூவில் இஃப்பைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது எஸ்கேப் செய்யாமல், அதாவது ஹெச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்யாமல், அச்சிடுவது. லாராவெலின் டெம்ப்ளேட் மொழியான பிளேடில் ஆச்சரியக்குறி போட்ட அடைப்பு, ஜாங்கோவில் சேஃப், ரெயில்ஸில் ரா: இவற்றைத் திட்டம் முழுவதும் தேடி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். உறுப்பினர் தட்டச்சு செய்த எதுவும் அவற்றின் வழியே போகக் கூடாது. மேலும், தானியங்கி எஸ்கேப் ஹெச்டிஎம்எல்லுக்கானது. ஸ்கிரிப்ட் டேகுக்குள் நேரடியாக மதிப்பைப் போட்டால் அது பாதுகாப்பும் தராது, பெயரில் உள்ள மேற்கோள் குறியை எண் குறியீடாகச் சிதைத்தும் காட்டும். அங்கே ஜேசனாக மாற்றித் தரும் வழியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: இரவல் எடுத்தபின் பயனர் ரெஃப்ரெஷ் அழுத்தினால் இன்னொரு முறை பதிவாகிறது.

பதில்: தகவலை மாற்ற அனுப்பும் போஸ்ட் ரெக்வெஸ்ட்டுக்கு நேரடியாகப் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறீர்கள். வெற்றி என்றால் 303 என்ற நிலைக் குறியீடு கொடுத்து வேறு பக்கத்துக்கு அனுப்புங்கள். ரெஃப்ரெஷ் அந்த இரண்டாவது பக்கத்தை மட்டும்தான் மறுபடி கேட்கும். 'இரவல் பதிவானது' என்ற செய்தியை ஃபிளாஷில் வைத்தால் அடுத்த பக்கத்தில் ஒருமுறை தெரிந்து மறையும். பிழை என்றால் 422 கொடுத்து, தட்டச்சு செய்தவை அழியாமல் ஃபார்மைத் திரும்பக் காட்டலாம்.

பட்டனை வேகமாக இருமுறை அழுத்துபவரை இது தடுக்காது. முதல் ரெஸ்பான்ஸ் வரும் முன்பே இரண்டாவது ரெக்வெஸ்ட் கிளம்பிவிடுகிறது. அதற்கு மேலே சொன்ன யூனிக் இண்டெக்ஸ்தான் காவல்.

கேள்வி: அட்மின் பக்கத்தில் 'நீக்கு' என்று ஒரு லிங்க் வைத்திருக்கிறேன். யாரும் தொடாமலே சில புத்தகங்கள் நீங்கிவிட்டன. எம்விசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: ரூட்டுக்கு, அதாவது எந்த முகவரி எந்த மெத்தட்டுக்குப் போகும் என்ற அமைப்புக்கு, தொடர்பு உண்டு. லிங்க் என்றால் கெட் ரெக்வெஸ்ட். கெட் எதையும் மாற்றாது என்று நம்பித்தான் பிரவுசர்களும் அவற்றின் துணைக்கருவிகளும் லிங்க்குகளை முன்கூட்டியே திறந்து பார்க்கின்றன. 2005இல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர் இப்படித் திறந்து பார்த்ததில், பல செயலிகளில் தகவல்கள் அழிந்தது அப்போது பெரிய பேச்சாக இருந்தது. நீக்குவதை ஃபார்மாகவும் பட்டனாகவும் மாற்றுங்கள். பிரவுசர் ஃபார்முக்கு கெட், போஸ்ட் இரண்டுதான் தெரியும் என்பதால், ரெயில்ஸும் லாராவெலும் மறைவான ஒரு புலத்தில் டெலீட் என்று எழுதி போஸ்ட்டாக அனுப்பும். அந்த ஃபார்மில், வேறு தளத்திலிருந்து வரும் போலி ரெக்வெஸ்ட்டைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் இருக்க வேண்டும். அது விடுபட்டால் ஜாங்கோவில் 403, லாராவெலில் 419 வரும். அப்போது சரிபார்ப்பை அணைத்துவிடாமல் டோக்கனைச் சேருங்கள்.

கேள்வி: ஃபார்மில் வந்த எல்லாவற்றையும் அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் ஒரே வரியில் வேலை முடிகிறது. செய்யலாமா?

பதில்: கூடாது. ஃபார்மில் நீங்கள் வைக்காத புலத்தையும் அனுப்ப ஒருவரால் முடியும். உறுப்பினர் டேபிளில் 'அட்மினா' என்ற புலம் இருந்தால், பெயரை மாற்றும் ஃபார்மோடு அதையும் சேர்த்து அனுப்பி அவர் அட்மின் ஆகிவிடுவார். 2012 மார்ச்சில், கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இந்த வகை ஓட்டை வழியாக, தனக்கு உரிமையில்லாத ரெயில்ஸ் களஞ்சியத்தில் ஒருவரால் கமிட் செய்ய முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த ரெயில்ஸ் 4, எந்தப் புலங்களை ஏற்பது என்று கன்ட்ரோலரில் பெயர் சொல்லிப் பட்டியலிடுவதைக் கட்டாயமாக்கியது. லாராவெலில் ஃபில்லபிள், ஜாங்கோவின் மாடல்ஃபார்மில் ஃபீல்ட்ஸ் பட்டியல். 'எல்லாம்' என்று எழுதும் வசதி இருந்தாலும் எழுதாதீர்கள். நாளை டேபிளில் சேரும் புதிய புலமும் தானாகத் திறந்துவிடும்.

கூடவே, முகவரியில் உள்ள எண்ணையும் நம்பாதீர்கள். இரவல் 57ஐப் பார்ப்பவர் அதை 58 ஆக்கிப் பார்ப்பார். இரவல் டேபிள் முழுவதிலும் 58ஐத் தேடாமல், லாகின் செய்தவரின் இரவல்களுக்குள் 58ஐத் தேடுங்கள். அவருடையது இல்லையென்றால் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதில்.

கேள்வி: எங்கள் செயலியில் ஏற்கெனவே 1,200 வரி கன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது. தினமும் பலர் பயன்படுத்துகிறார்கள். உடைக்காமல் பிரிப்பது எப்படி?

பதில்: முதல் வாரம் எதையும் நகர்த்த வேண்டாம். ஒவ்வொரு ரூட்டுக்கும் வெளியிலிருந்து சோதனை எழுதுங்கள்: இந்த ரெக்வெஸ்ட்டை அனுப்பினால் இந்த நிலைக் குறியீடு, இந்த முகவரிக்கு ரீடைரக்ட், டேபிளில் இந்த வரி. பிழை போலத் தெரியும் நடத்தையையும் உள்ளது உள்ளபடி சோதனையில் பதியுங்கள். திருத்துவதும் நகர்த்துவதும் ஒரே கமிட்டில் கலந்தால், ஏதாவது உடைந்தபோது எது உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பிறகு எதையும் மாற்றாத, விடை மட்டும் சொல்லும் துண்டுகளிலிருந்து தொடங்குங்கள்: 'தவணை கடந்ததா', 'இன்னொன்று எடுக்கலாமா', அபராதக் கணக்கு. இவற்றை மாடலுக்கு நகர்த்துவதில் ஆபத்து குறைவு, பலனோ உடனே தெரியும். ஒரே ஒப்பீடு எத்தனை இடத்தில் எழுதப்பட்டிருந்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குப் படும். அடுத்து, எழுதும் செயல்களை ஒவ்வொன்றாகத் தனி கிளாஸ் ஆக்குங்கள். நகர்த்தும் கோடுக்குள் செஷனிலிருந்து நேரடியாகப் படிக்கும் வரி இருந்தால், அதை முதலில் கன்ட்ரோலரில் ஒரு மாறியாக எடுத்து அளபுருவாகக் கொடுங்கள். நடுவழியில் ரீடைரக்ட் செய்து வெளியேறும் வரிகள்தான் மிகவும் தொல்லை தரும்: மாடலுக்கு நகர்த்தியபின் அவற்றால் வெளியேற முடியாது. ஒவ்வொன்றையும் ஒரு விடை அடையாளமாக மாற்றி, கன்ட்ரோலரில் அதைப் பார்த்து ரீடைரக்ட் செய்யுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மெத்தட் என்று போனாலே போதும். இடையில் எந்த நாள் நிறுத்தினாலும் செயலி வெளியிடத்தக்க நிலையில் இருக்க வேண்டும்.

கேள்வி: திரை முழுவதும் பிரவுசரில் ஓடும் ரியாக்டில் எழுதுகிறோம். சர்வர் ஜேசன் மட்டும்தான் தருகிறது. இனி வியூ என்று ஒன்று இருக்கிறதா?

பதில்: அந்த ஜேசன்தான் வியூ. மாடலை அப்படியே ஜேசன் ஆக்கி அனுப்பினால், கடவுச்சொல் ஹேஷ் உட்பட டேபிளின் எல்லாப் புலங்களும் வெளியே போகும். டேபிளில் ஒரு புலத்தின் பெயரை மாற்றினால் திரையும் உடையும். எந்தப் புலம், எந்தப் பெயரில், எந்தத் தேதி வடிவில் என்று தீர்மானிக்க சீரியலைசர் என்ற தனி கிளாஸ் வையுங்கள். 101 குவெரிச் சிக்கல் இங்கேயும் அப்படியே வரும். டெம்ப்ளேட்டுக்குப் பதிலாக சீரியலைசருக்குள் ஒளிந்திருக்கும்.

கேள்வி: ஒரு கன்ட்ரோலரில் எத்தனை மெத்தட் இருக்கலாம்?

பதில்: பட்டியல், ஒன்றைக் காட்டு, புதிய ஃபார்ம், சேர், திருத்தும் ஃபார்ம், மாற்று, நீக்கு. ரெயில்ஸ் வழக்கமாக்கிய இந்த ஏழும் பெரும்பாலும் போதும். எட்டாவது தேவைப்பட்டால், பெயரில்லாத ஒரு பொருள் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரவல் கன்ட்ரோலரில் 'தவணையை நீட்டி' என்று எட்டாவது மெத்தட் எழுதுவதற்குப் பதில், 'நீட்டிப்பு' என்று தனி கன்ட்ரோலர் வைத்து அதில் 'சேர்' என்ற ஒரே மெத்தட் எழுதுங்கள். எந்த இரவல் எத்தனை முறை நீட்டிக்கப்பட்டது என்று நூலகர் கேட்கும்போது, அதைச் சொல்ல ஒரு டேபிளும் உங்களிடம் இருக்கும்.